சித்திரை விருந்தில் உழைத்த வெண்கல உருளி: வாங்கலாமா, வேண்டாமா?

வெண்கல உருளி (அகல வாயுள்ள கனமான சமையல் பாத்திரம்) அந்தக் காசுக்குத் தகுமா என்று உறவில் பலர் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்வதைவிட ஒரேயடியாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இருபது பேர் கூடி உண்ணும் பண்டிகை வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவையாவது உங்கள் வீட்டில் உண்டு, பாலோ வெல்லமோ வைத்து நின்று கிளறும் பண்டம் அதில் கட்டாயம் என்றால், தயங்காமல் வாங்குங்கள். இரண்டு ஊர்ச் சமையல் கலக்கிற வீடாக இருந்தால் இன்னும் நல்லது. இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக உழைக்கிற பாத்திரம் இதைப்போல நான் பார்த்ததில்லை. தினப்படிக் குழம்புக்கும் பொரியலுக்கும் என்றால் வேண்டாம்.

எங்கள் வீட்டுக் கதை தெரிந்தால்தான் ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பது புரியும். நாங்கள் பொள்ளாச்சிப் பக்கம், இப்போது இருப்பது கோவையில். மருமகள் பாலக்காடு மாவட்டம் சித்தூர். வாளையாறு தாண்டினால் கேரளம், அவ்வளவுதான் தூரம். பாலக்காடு டவுன்கூட 1956 வரைக்கும் சென்னை மாகாணத்தில்தான் இருந்தது, சித்தூர் மட்டும் கொச்சி சமஸ்தானத்துப் பக்கம். சம்பந்தியம்மா என்னைவிட நன்றாகத் தமிழ் பேசுவார். ஆனால் அடுப்படி என்று வந்தால் தூரம் உண்டு. எங்களுக்குக் கடலெண்ணெய், அவர்களுக்குத் தேங்காயெண்ணெய். எங்களுக்குப் பொன்னி, அவர்களுக்கு மட்டை அரிசி. எங்களுக்கு ஒப்புட்டு (போளி) இல்லாமல் பண்டிகை இல்லை, அவர்களுக்குப் பாயசம் இல்லாமல் விருந்தே இல்லை.

சித்திரை முதல் நாளும் விஷுவும் பெரும்பாலும் ஏப்ரல் 14-இல் சேர்ந்தே வரும். சூரியன் மேஷத்தில் நுழையும் நேரத்தைக் கணக்குப் பார்க்கும் முறை இரண்டு பக்கமும் வேறு என்பதால் சில வருஷம் விஷு மட்டும் 15-க்குப் போய்விடும். சேர்ந்து வரும் வருஷத்தில் யார் வீட்டில் சாப்பாடு என்ற கேள்வி வரத்தானே செய்யும்? கல்யாணமான புதிதில் பிள்ளைகள் காலையில் இங்கே, மத்தியானம் அங்கே என்று ஓடிக்கொண்டிருந்தார்கள். பேரன் பிறந்தபிறகு சம்பந்தியம்மாவே சொல்லிவிட்டார், ஒரே வீட்டில் ஒரே இலையில் போட்டுவிடலாம் என்று. ஒரு வருஷம் இங்கே, ஒரு வருஷம் அங்கே. உருளி வாங்கும் பேச்சு வந்ததே அப்போதுதான். எங்கள் வீட்டில் இருந்த பெரிய எவர்சில்வர் பாத்திரத்தில் பாயசம் வைத்தால் அடிப்பிடிக்கும் என்று அவர் ஒப்பவில்லை. அவர் தரவாட்டு (பூர்வீக வீட்டு) உருளியோ தம்பி வீட்டுக்குப் போய்விட்டது.

சரி, வாங்கிய கதைக்கு வருகிறேன். இதில் ஏமாற்று நிறைய. பித்தளையை வெண்கலம் என்று விற்கிறார்கள். பித்தளை செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது. அதில் சமைக்க வேண்டுமானால் உள்ளே ஈயம் (வெள்ளீயம்தான்) பூச வேண்டும். வெண்கலம் செம்பும் வெள்ளீயமும். ஏறக்குறைய நாலு பங்கு செம்புக்கு ஒரு பங்கு வெள்ளீயம். ஈயம் பூசத் தேவையில்லை. ஈயம் பூசுகிறவர்கள் தெருவில் வருவது அருகிவிட்ட இந்தக் காலத்தில் இது பெரிய சௌகரியம். நாங்கள் முதலில் போன ஒரு கடையில் பளபளவென்று மஞ்சளாக ஓர் உருளியை எடுத்து வைத்து, அசல் வெண்கலம் என்று கடைக்காரர் சத்தியம் செய்யாத குறைதான். சம்பந்தியம்மா அதன் விளிம்பை இடது கையில் தூக்கிப் பிடித்து, வலது கை விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டினார். டக்கென்று ஒலித்து அங்கேயே நின்றது. "இது பித்தளை, சம்பந்தி. வேண்டாம்" என்று கீழே வைத்துவிட்டார். நல்ல வெண்கலத்தைத் தட்டினால் ணங்கென்று எழுந்து, கையை எடுத்தபிறகும் ஓசை நின்று அடங்கும். கோவில் மணி வார்ப்பதும் இதே கலவையில்தான். நிறத்தையும் பாருங்கள். பித்தளை எலுமிச்சை மஞ்சள். வெண்கலத்தில் மஞ்சளுக்குள் ஒரு சிவப்பு ஓடும்.

கடைசியில் ஆலப்புழை மாவட்டத்தில் இருக்கும் மான்னாருக்கே போய் வாங்கினோம். வெண்கல வார்ப்புக்குப் பேர்போன ஊர் அது. மண்ணில் உள்ளச்சு செய்து, அதன்மேல் மெழுகைச் சீராகப் படியவைத்து, மறுபடி மண் பூசி, சூட்டில் மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு, அந்த இடைவெளியில் உருகிய உலோகத்தை ஊற்றுகிறார்கள். வார்த்தபிறகு அச்சை உடைத்துத்தான் உருளியை எடுக்க முடியும். அதனால் ஒரே அளவு என்று சொல்லி இரண்டை எடுத்தாலும் கனமும் விளிம்பும் கொஞ்சம் மாறியே இருக்கும். வரிசையாக வைத்திருந்ததில் ஒவ்வொன்றாகத் தட்டி, உள்பக்கம் விரலால் தடவி, ஊசித்துளையோ சொரசொரப்போ இல்லாததை எடுத்தோம். விலை எடைக்குத்தான். அதே கொள்ளளவு எவர்சில்வரோடு ஒப்பிட்டால் பல மடங்கு ஆகும். அதை மனதில் வைத்துக்கொண்டு போங்கள்.

எங்களுடையது வாய் 14 அங்குலம், எடை 6 கிலோவுக்கு ஒட்டி. விளிம்பு வரை ஊற்றினால் 7 லிட்டர் பிடிக்கும், கொதிக்கும் இடம் விட்டால் 5 லிட்டர் என்று வையுங்கள். இரண்டு பக்கமும் காது உண்டு. ஆனால் அடுப்பிலிருந்து நிறைந்த உருளியை ஒருவரால் இறக்க முடியாது. இரண்டு பேர், இரண்டு தடித்த துணி. இது கட்டாயம்.

வந்தவுடனே அடுப்பில் ஏற்றக்கூடாது, பழக்க வேண்டும். அரிசி கழுவின தண்ணீரை ஊற்றி ராத்திரி முழுக்க வைத்து, காலையில் அதையே மெல்லிய தீயில் கொதிக்கவிட்டுக் கொட்டுவது. இப்படி ஒரு வாரம். அப்புறம் உள்ளே தேங்காயெண்ணெய் தடவி ஒரு நாள். முதல் இரண்டு நாள் தண்ணீரில் ஒரு கருஞ்சாயல் இறங்கியது, பட்டறையில் மெருகு போட்ட மிச்சம். பிறகு தெளிந்துவிட்டது.

இனி விருந்து. இந்த உருளி எனக்குப் பிடித்துப்போனதற்குக் காரணம் அந்த இரண்டு நாள்தான். போன சித்திரைக்கு எங்கள் வீட்டு முறை. மொத்தம் 22 பேர். முதல் நாள் மத்தியானமே சம்பந்தியம்மா வந்து இறங்கிவிட்டார், கையில் ஒரு பை நிறைய பழுத்த வரிக்கைப் பலாச் சுளையும் உணக்கலரியும் (பாயசத்துக்குப் போடும் கேரளப் பச்சரிசி). பலாவை நறுக்கி வேகவைத்து மசித்து, உருளியில் வெல்லப்பாகோடு போட்டுச் சக்கை வரட்டிக்கு (அவர்கள் பேச்சில் சக்கை என்றால் பலா) உட்கார்ந்தார். நெய்யை ஒரே தடவையில் ஊற்றாமல் கரண்டி கரண்டியாக விட்டு, இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிளறினோம், மாற்றி மாற்றி. எவர்சில்வர் என்றால் இந்தப் பதத்துக்கு வரும்போது நடுவில் மட்டும் கருகி, ஓரத்தில் தண்ணீராக நிற்கும். உருளியில் அப்படி இல்லை. அடி கனம் என்பதால் சூடு ஒரே இடத்தில் குத்தாமல் பரவி நிற்கிறது. வாய் அகலம் என்பதால் நீர் சீக்கிரம் வற்றுகிறது. சுவர் சரிவாக இருப்பதால் சட்டுவத்தை ஒரு சுற்று ஓட்டினால் மூலையில் எதுவும் தங்குவதில்லை. கடைசியில் வரட்டி சட்டுவத்தோடு ஒன்றாய்த் திரண்டு வந்து, உருளியில் நெய் மட்டும் பிரிந்து நின்றது. கருகின வாசம் துளியும் இல்லை.

அதை வழித்து எடுத்துவிட்டு, வெந்நீரில் கழுவி, அதே உருளியில் நான் ஒப்புட்டுக்குப் பூரணம் கிளறினேன். ஒரு கிலோ கடலைப்பருப்பை மலர வேகவைத்து வடித்து அரைத்து, ஒரு கிலோ வெல்லம், ஏலக்காய். (வடித்த பருப்புத் தண்ணீரைக் கொட்டாதீர்கள், மறுநாள் ரசத்துக்கு அதைவிட நல்லது இல்லை.) பூரணம் இளகிப் போனால் ஒப்புட்டு தட்டும்போது கிழியும். உருளியில் இறுகினது நேராக உருண்டை பிடிக்க வந்தது. அப்போதுதான் மருமகள் இரண்டு பாத்திரத்தையும் பார்த்துவிட்டு, "அத்தை, ஒப்புட்டுக்குள்ள சக்கை வரட்டியையும் வெச்சுப் பார்க்கலாமா?" என்று கேட்டாள். பாதி மாவுக்குப் பருப்பு, பாதிக்குப் பலா என்று ஆயிற்று. மைதா மாவை நல்லெண்ணெயில் ஊறப்போட்டு, வாழையிலையில் தட்டி, தோசைக்கல்லில் இலையோடு கவிழ்த்து, இலையை உரித்தோம். பலா ஒப்புட்டு சூட்டில் கொஞ்சம் அதிகமாக இளகும், அதனால் மாவு தடிமனாக இருக்க வேண்டும். விருந்தில் முதலில் தீர்ந்தது அதுதான். பருப்பு ஒப்புட்டு சாயங்காலம் வரை இருந்தது.

விடிகாலையில் கனி காண்பது. எங்கள் பக்கத்திலும் தாம்பாளத்தில் முக்கனி, வெற்றிலை பாக்கு, நகை, பணம், கண்ணாடி வைத்துக் கண் விழிப்போம். அவர்கள் பக்கத்தில் கொன்றைப் பூவும் மஞ்சள் கனிவெள்ளரிக்காயும் கசவு வேட்டியும் அரிசியும் சேர்ந்து உருளியிலேயே இருக்கும். சமைக்கிற உருளியைக் கனிக்கு வைக்கமாட்டேன் என்று சம்பந்தியம்மா சின்ன உருளி ஒன்றைத் தனியாகக் கொண்டுவந்திருந்தார். அது சரிதான் என்று எனக்கும் பட்டது. இரண்டையும் ஒரே மணையில் சேர்த்து வைத்தோம். பேரனுக்கு இரண்டு பக்கத்துக் கைநீட்டமும் (பெரியவர்கள் கையில் தரும் காசு) கிடைத்தது.

காலை எட்டு மணிக்குப் பால் பாயசம் ஏறியது. கணக்கைச் சொல்கிறேன், வைப்பவர்களுக்கு உதவும். நாலு லிட்டர் பசும்பால், ஒரு லிட்டர் தண்ணீர், கால் கிலோ உணக்கலரி, முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகச் சர்க்கரை. ஏலக்காய், முந்திரி எதுவும் கிடையாது. முதலில் தண்ணீரும் மூன்று லிட்டர் பாலும், வற்ற வற்ற மீதிப் பால். அரிசி விரலில் நசுங்கும் வரை சர்க்கரையைத் தொடக்கூடாது, முன்னாலேயே போட்டால் அரிசி விறைத்து நின்றுவிடும். சுவரில் ஒட்டும் ஆடையைச் சட்டுவத்தால் வழித்து உள்ளேயே தள்ளிக்கொண்டிருக்க வேண்டும். பத்து மணிக்கு மேல் வெள்ளை மெல்ல மாறி இளஞ்சிவப்பு வந்தது. கலர் பொடி போட்டதா என்று எங்கள் நாத்தனார் கேட்டார். பாலும் சர்க்கரையும் நிதானத் தீயில் நேரம் போகப்போக வருகிற நிறம் அது. அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் வராது, அடிதான் பிடிக்கும்.

உருளியில் பழகாதவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று இங்கே இருக்கிறது. எனக்கு அது தண்ணியாகத்தான் தெரிந்தது. "இன்னும் கொஞ்சம் சுண்டட்டுமுங்களா சம்பந்தி?" என்று கேட்டேன். "இப்ப அணைச்சிடலாம். மீதியை உருளியே பார்த்துக்கும்" என்றார். அணைத்தபிறகும் கொஞ்ச நேரம் நடுவில் சின்னச் சின்னக் குமிழி வந்துகொண்டே இருந்தது. ஒரு மணிக்கு இலை போடும்போது கரண்டியிலிருந்து ஒழுகாமல் சரிகிற பதம். ஆறு கிலோ உலோகம் வாங்கிவைத்த சூடு லேசில் விடாது. பாயசமோ அல்வாவோ, நீங்கள் நினைக்கும் பதத்துக்கு ஒரு படி முன்னாலேயே அடுப்பை அணையுங்கள்.

இலையில் பரிமாறும் வரிசையில்தான் கொஞ்சம் பேச்சு நடந்தது. நுனி இடப்பக்கம் என்பது இரண்டு வீட்டுக்கும் பொது. எங்களுக்கு இனிப்பு முதலில் இலையில் விழ வேண்டும். அவர்களுக்குப் பருப்பும் நெய்யும், சாம்பார், அப்புறம் பாயசம், பாயசத்துக்குப் பிறகு மறுபடி சோறு வாங்கி ரசம், மோர். ஒப்புட்டை நெய் விட்டு முதலில் வைத்து, பாயசத்தை அவர்கள் வழக்கப்படி சாம்பாருக்குப் பின்னால் விட்டோம். இந்த ஏற்பாடு எனக்கு ரொம்பப் பிடித்தது. பாயசம் முடித்து ரசம் சோறு சாப்பிட்டால் வயிறு லேசாகிறது. இனி எங்கள் வீட்டில் எல்லா விசேஷத்துக்கும் இதுதான் வரிசை.

மற்றவை: அவியல், சக்கை எரிசேரி, மாம்பழப் புளிசேரி, பயறு தோரன் அவர்கள் கை. மாங்காய் வேப்பம்பூப் பச்சடி, பருப்பு வடை, பச்சைப்பயறு கடைசல், ரசம் என் கை. சாம்பார் ஒன்றே ஒன்று, தேங்காய் வறுத்தரைத்தது. அவியலில் கடைசியில் விடும் பச்சைத் தேங்காயெண்ணெய் வாசம் எங்கள் வீட்டுக்காரருக்கு ஒத்துக்கொள்ளாது என்று அவருக்கு முன்னாலேயே ஒரு கிண்ணம் எடுத்து வைத்துவிட்டு, மீதியில் எண்ணெயும் கறிவேப்பிலையும் விட்டார்கள். அவர் இரண்டாம் முறை வாங்கியது எண்ணெய் விட்ட அவியலைத்தான். பேரன் வேப்பம்பூப் பச்சடியை நாக்கில் வைத்துவிட்டு, "ஆத்தா, கசக்குது" என்று என்னிடமும், "அம்மம்மா, பாயசம்" என்று அவரிடமும் சொன்னான்.

இதில் எதையெல்லாம் உருளியில் வைக்கவில்லை என்பது முக்கியம். புளிப்பு, தயிர், எலுமிச்சை சேர்ந்த எதையும் வெண்கலத்தில் வைக்காதீர்கள், வைத்தாலும் விட்டுவைக்காதீர்கள். செம்பு கலந்த பாத்திரத்தில் புளிப்பு நின்றால் செம்பு உணவில் இறங்கும், களிம்பும் ஏறும். மாங்காய்ப் பச்சடி கல்சட்டியில், புளிசேரி மண்சட்டியில், ரசம் எவர்சில்வரில். பாயசம்கூட மிச்சமிருந்தால் சாயங்காலத்துக்குள் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுகிறோம்.

குறைகள் இருக்கின்றன. அடி உருண்டை என்பதால் வீட்டு கேஸ் அடுப்பின் தாங்கியில் ஆடும். அகலமான தாங்கி உள்ள ஒற்றை பர்னர் அடுப்பு ஒன்றைக் கீழே வைத்துத்தான் நாங்கள் சமைக்கிறோம், உட்கார்ந்து கிளற அதுவே வசதி. இண்டக்‌ஷன் அடுப்பில் வேலை செய்யாது, காந்தம் ஒட்டாத உலோகம். சூடாக இருக்கும்போது பச்சைத்தண்ணீர் ஊற்றினாலோ, தரையில் தவறவிட்டாலோ விரிசல் விட்டுவிடும். வெள்ளீயம் இவ்வளவு சேர்ந்த வெண்கலம் கெட்டி, ஆனால் வளைந்துகொடுக்காது. விரிசல் விட்டால் வீட்டில் சரிசெய்ய வழியில்லை. கழுவுவதற்கும் ஆள் வேண்டும். முதலில் வெந்நீர் ஊற்றி ஊறவிட்டு, தேங்காய் நாரால் தேய்த்து, வெளிப்பக்கம் மட்டும் புளி போட்டுத் துலக்கி, உடனே கழுவி, ஈரம் போகத் துடைக்க வேண்டும். கம்பி நார் கூடவே கூடாது. எனக்கு முதுகுவலி உண்டு, மகன்தான் துலக்கி மேலே ஏற்றி வைக்கிறான். வீட்டில் கைகொடுக்க ஆள் இல்லை என்றால் இந்தச் சைஸ் வாங்காதீர்கள்.

அப்படிப்பட்டவர்களுக்கு 10 அங்குலத்து உருளி போதும். ஆறேழு பேருக்குப் பாயசம் வைக்கலாம், ஒருவரே இறக்கலாம். பதினைந்து பேருக்கு மேல் என்றால் 14. அதற்கும் மேலே போகிறவர்கள் விறகடுப்பு போடப் பின்கட்டில் இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மேலே மெருகுக்கு வார்னிஷ் பூசினதை எடுக்காதீர்கள், அது அலங்காரத்துக்குப் பூ மிதக்கவிடும் உருளி. சமையலுக்குத்தான் என்று கேட்டு, தட்டிப் பார்த்து, எடையைக் கண்முன்னால் போடச் சொல்லி, பில்லில் வெண்கலம் என்று எழுதி வாங்குங்கள். அடுத்த சித்திரைக்கு வேண்டும் என்பவர்கள் மாசியிலேயே கிளம்புங்கள். பங்குனி கடைசியில் விஷுவுக்கு வாங்குகிற கூட்டத்தில் நிதானமாகத் தட்டிப் பார்க்க விடமாட்டார்கள், பழக்குவதற்கு ஒரு வாரமும் கையில் இருக்காது.